கிளட்சை மிதித்தால் கூடும் சத்தம்

இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் வசிக்கும் ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது நாற்பத்தாறு. பள்ளி ஆசிரியை. பிறந்து வளர்ந்தது திருச்சியில். அங்கே அவருடைய அப்பா பல ஆண்டுகள் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வைத்திருந்தார். எண்பதை நெருங்கும் அப்பா இப்போது மகளுடன் இருக்கிறார். அவர் மனம் குளிரட்டும் என்று, ஏழு வாரங்களுக்கு முன் பழைய கார் விற்கும் கடை ஒன்றில் 1978-ஆம் ஆண்டு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500 ஒன்றை 8,500 பவுண்டு கொடுத்து வாங்கியிருக்கிறார். முன்பணம் 500 பவுண்டு கிரெடிட் கார்டில். மீதி வங்கி வழியாக.

ஆறு வாரம் வண்டி நன்றாக ஓடியது. ஏழாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரவுண்டானா ஒன்றில் வழிவிட்டு நின்றபோது திடீரென்று சத்தம். “உளுந்தோடு ஒரு சின்னக் கல் கிரைண்டரில் மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது” என்று எழுதுகிறார். ஆயில் விளக்கு எரியவில்லை, வெப்பமானி முள்ளும் ஏறவில்லை என்பதால் பதினொரு மைல் ஓட்டி வீடு வந்து சேர்ந்தார். வழியில் சிக்னல்களில் கிளட்சை மிதித்தபடி நின்றபோது சத்தம் கூடியது. இரண்டு முறை எஞ்சின் அணையப் பார்த்தது.

கடைக்காரரைக் கேட்டதற்கு, “கிளட்ச் ரிலீஸ் பேரிங்தான். பழைய கார் என்றால் சத்தம் வரத்தான் செய்யும், ஓட்டுங்கள். வாங்கி 30 நாள் தாண்டிவிட்டதால் செலவு உங்களுடையது” என்றாராம். கணவர் கியர்பாக்ஸ் போய்விட்டது, விற்றுவிடலாம் என்கிறார். உடன் வேலை செய்பவர் தடித்த ஆயில் ஊற்றினால் அடங்கிவிடும் என்கிறார். அப்பாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. வாசகியின் கேள்விகள் நான்கு: எஞ்சின் போய்விட்டதா? நாற்பது மைல் தள்ளியிருக்கும் அந்தக் கடைக்கு ஓட்டிச் செல்லலாமா? 30 நாள் தாண்டியதால் உரிமை போய்விட்டதா? புதுக் கார் எஞ்சின் ஒன்றை மாட்டிவிடலாமா?

அன்புள்ள சகோதரி,

முதல் வேலையாகக் கார்ச் சாவியை எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை, முடித்த பிறகும், நான் சொல்லும் சோதனைகளுக்குத் தவிர எஞ்சினை எழுப்ப வேண்டாம். “ஒரு நிமிடம் ஓடவிட்டுச் சத்தம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கலாமே” என்ற ஆசை வரும். எனக்கும் வரும். அந்த ஒரு நிமிடத்தில் சில நூறு பவுண்டு வேலை சில ஆயிரம் பவுண்டு வேலையாக மாறிவிடக்கூடும். கடைக்கு ஓட்டிச் செல்வது பற்றிய உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் இதுதான்: கூடாது. மீட்பு லாரியில் ஏற்றி அனுப்புங்கள். ஏற்றும்போதும் எஞ்சினை ஓட்டி ஏற்றாமல் விஞ்ச் கம்பியால் இழுத்து ஏற்றச் சொல்லுங்கள். லாரிக்காரர்கள் அவசரத்தில் சாவி கேட்பார்கள்.

நான் 1970-களின் கடைசியில் சென்னையில் ஒரு பட்டறையில் ஹெரால்டுக்கு அடியில் படுத்துத் தொழில் கற்றவன். சென்னையை அடுத்த வண்டலூரில் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம், இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டைத்தான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் நமக்குச் செய்து கொடுத்தது. உங்கள் ஸ்பிட்ஃபயர் அந்த ஹெரால்டின் தங்கை. இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலொட்டி. முன்பக்க மட்கார்டுகளோடு பானட் முழுவதும் முன்னால் கவிழ்ந்து திறக்கும் அமைப்பு இரண்டுக்கும் பொது. எஞ்சினும் ஒரே வம்சம்: 1953-இல் ஸ்டாண்டர்டு எய்ட் காரில் 803 சிசியாகத் தொடங்கி, அப்பாவின் ஹெரால்டில் 948 ஆகி, உங்கள் காரில் 1,493 வரை வளர்ந்தது. அப்பாவுக்கு எஞ்சின் அறையைத் திறந்து காட்டினால் பாதிப் பாகங்களைப் பெயர் சொல்லி அழைப்பார். அவரிடம் சத்தத்தை மறைக்காதீர்கள். அவருக்கு இதில் ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய வரி

சத்தத்தைப் பற்றி அரைப் பக்கம் வர்ணித்திருக்கிறீர்கள். எனக்கு அதைவிடப் பயன்பட்டது, கிளட்சை மிதித்தால் சத்தம் கூடியது, எஞ்சின் அணையப் பார்த்தது என்று போகிறபோக்கில் எழுதிய ஒரே வரி. சத்தம் கூடியது என்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் கடைக்காரர் சொன்னதும் சரியாக இருக்கலாம். ரிலீஸ் பேரிங் தேய்ந்தாலும் பெடலை மிதிக்கும்போதுதான் கத்தும். ஆனால் அந்தச் சின்ன பேரிங் எவ்வளவு கத்தினாலும் எஞ்சினை அணைக்கப் பார்க்காது. கிளட்சை மிதித்தால் எஞ்சின் திணறுகிறது என்றால், உள்ளே ஏதோ ஒன்று எஞ்சின் சுற்றுவதற்கே பிரேக் போடுகிறது. இந்த வகை எஞ்சினில் அதற்கு முதல் சந்தேகப் பேர்வழி, பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் த்ரஸ்ட் வாஷர்.

கிராங்க் ஷாஃப்ட் மூன்று மெயின் பேரிங்குகளில் கிடந்து சுற்றுகிறது. சுற்றும்போது அது முன்னும் பின்னும் நகரக் கூடாது. அதைத் தடுத்து நிறுத்துபவை, கடைசி மெயின் பேரிங்கின் இருபுறமும் நிற்கும் இரண்டு அரைவட்டத் தகடுகள். இட்லித் தட்டின் விளிம்பை அரை நிலா வடிவத்தில் வெட்டியெடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. முழு வட்டமாக இருந்தால் எங்கேயும் போகாது. ட்ரையம்ஃப்காரர்கள் மேல்பாதிக்கு மட்டும் வைத்தார்கள். கீழே அதைப் பிடித்து நிறுத்துவது பேரிங்கின் கீழ்மூடியான கேப் மட்டும்தான். தேய்ந்து ஓரளவுக்கு மேல் மெலிந்துவிட்டால் கிராங்க்கோடு சேர்ந்து நழுவிச் சுழன்று கீழே ஆயில் தேங்கும் தொட்டியான சம்பில் விழுந்துவிடும். அதற்குப் பின் சுற்றும் எஃகு நேராக எஞ்சினின் உடலான பிளாக்கின் வார்ப்பிரும்பில் உரசும். நீங்கள் கேட்ட கிரைண்டர் சத்தம் அதுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

கிளட்சுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் கிளட்சின் ஸ்பிரிங்கை முன்னோக்கி அழுத்துகிறது. அந்த அழுத்தம், கிராங்க்கின் பின்முனையில் மாட்டிய கனத்த சக்கரமான ஃப்ளைவீல் வழியாக கிராங்க் ஷாஃப்டை ரேடியேட்டர் பக்கமாகத் தள்ளுகிறது. தள்ளுவதைத் தாங்குவது பின்பக்க அரை நிலா. பெடலை விட்டால் பாரம் போய்விடும். ஆகவே இந்தத் தகடு தேய்வது ஓடும் மைல்களால் அல்ல. கிளட்சை மிதித்தபடி நிற்கும் நிமிடங்களால். ரவுண்டானாவில் நின்றபோது சத்தம் தொடங்கியது தற்செயல் இல்லை.

இரண்டு நிமிடச் சோதனை

எஞ்சினை எழுப்பாமலே இதைச் சோதித்துவிடலாம். பெரிய கருவி எதுவும் வேண்டாம்; இரண்டு பேர் வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் அப்பாவை உட்கார வையுங்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிடுங்கள். பானட்டை முன்னால் கவிழ்த்தால் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்ளலாம். நாங்கள் ஹெரால்டில் அப்படித்தான் உட்கார்ந்து வேலை பார்ப்போம். நாற்காலி போட்டதுபோல் இருக்கும்.

எஞ்சினின் முன்புறம், ரேடியேட்டருக்குப் பின்னால், கீழே ஃபேன் பெல்ட் ஓடும் பெரிய புல்லி தெரியும். அது கிராங்க் ஷாஃப்டின் முனையில் மாட்டியிருக்கிறது. அதை இரண்டு கையாலும் எஞ்சின் பக்கமாக அழுத்தித் தள்ளுங்கள். பிறகு கையை எடுத்துவிட்டு, பெடலை மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள். புல்லியின் விளிம்பையும் அதன் பின்னாலிருக்கும் எஞ்சின் உறையையும் ஒரே பார்வையில் பிடித்துப் பாருங்கள்.

நல்ல எஞ்சினில் இந்த அசைவு ஒரு மில்லிமீட்டரில் கால்பங்குதான் இருக்கும். கண்ணுக்கு ஏறக்குறைய தெரியவே தெரியாது. விரலை வைத்துப் பார்த்தால் மெல்லிய ஒரு ‘டிக்’ தட்டுப்படலாம். துல்லியமாக அளக்க டயல் கேஜ் வேண்டும். ஆனால் புல்லி முன்னால் வருவது வெறும் கண்ணுக்கே தெரிந்தால் கேஜ் தேவையில்லை, வழக்கு முடிந்தது. ஒருமுறை என்னிடம் வந்த வண்டியில் பெடலை மிதித்தால் புல்லி தீப்பெட்டியின் உள்டப்பா மாதிரி வெளியே வந்து போனது. அதை ஓட்டி வந்தவர் டயரில் கோளாறு என்று நினைத்திருந்தார்.

இந்தச் சோதனையை யாராவது ஒருவர் கைபேசியில் படம்பிடிக்கட்டும். பக்கத்தில் ஒரு ஸ்கேலையோ தீக்குச்சியையோ வைத்து எடுத்தால் அளவு தெரியும். இந்தப் படம் பின்னால் மெக்கானிக்குக் காட்டுவதற்கு மட்டுமல்ல. அதை அப்புறம் சொல்கிறேன்.

புல்லி அசையாவிட்டால்

அப்படியானால் நான் சொன்னது தப்பு, எனக்கு மகிழ்ச்சிதான். ஆயில் அளவைப் பார்த்துவிட்டு, அரை நிமிடத்துக்கு மேல் போகாமல் எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வாருங்கள். முதலில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். சத்தம் நின்றால் வாட்டர் பம்ப் பேரிங் அல்லது ஆல்டர்னேட்டர் பேரிங். பெல்ட் இல்லாமல் தண்ணீர் சுற்றாது என்பதை மறந்துவிடாதீர்கள். பெடலை விட்டிருக்கும்போது சத்தம், மிதித்தால் அமைதி என்றால் உங்கள் கணவர் சொன்னது சரி, கியர்பாக்ஸின் முன்பேரிங். மிதித்தால் கீச்சிடுகிறது, ஆனால் எஞ்சின் வேகம் இறங்கவில்லை என்றால் கடைக்காரர் சொன்ன ரிலீஸ் பேரிங். சாவி திருப்பும் கணத்தில் மட்டும் நறநறவென்றால் ஸ்டார்ட்டரின் பல்லும் ஃப்ளைவீல் பல்லும். நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையைச் சந்தேகமான பாகத்தில் வைத்து, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்டால் சத்தம் பிறக்கும் இடம் தெளிவாகத் தெரியும். தலைமுடியையும் துப்பட்டாவையும் ஃபேனிலிருந்து விலக்கிக் கட்டிக்கொண்டு செய்யுங்கள்.

பிஸ்டனின் தண்டு கிராங்க்கோடு சேரும் இடத்திலுள்ள பிக் எண்டு பேரிங் போனால் வருவது அரைப்பு அல்ல, இடி. ஆக்சிலரேட்டரை அழுத்தி விடும்போது அடிவயிற்றிலிருந்து தட்டும். 1500-க்கு அந்த நோய் உண்டு என்பதால்தான் சொல்கிறேன். 948 முதல் 1,296 வரை பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 76 மில்லிமீட்டர். 1500-இல் அதை 87.5 ஆக நீட்டினார்கள். மெயின் பேரிங் எண்ணிக்கையை மூன்றாகவே விட்டுவிட்டார்கள். சமவெளியில் ஓட நன்றாக இழுக்கும். மோட்டார்வேயில் மணிக்கணக்காக விரட்டினால் கீழ்ப்பகுதி முனகத் தொடங்கும்.

ஆயில் பற்றி இரண்டு தப்பெண்ணங்கள்

ஆயில் விளக்கு எரியவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்று முடிவு செய்தீர்கள். யாரும் செய்யக்கூடிய முடிவுதான். ஆனால் அந்த விளக்கு அழுத்தம் ஏறக்குறைய இல்லாமல் போன பிறகுதான் எரியும். எஞ்சின் சூடாகி நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 40 முதல் 60 பவுண்டு அழுத்தம் இருக்க வேண்டிய எஞ்சின் இது. அது பாதியாகக் குறைந்தாலும் விளக்கு மூச்சுவிடாது. ஸ்பிட்ஃபயரில் ஆயில் அழுத்தமானி கம்பெனியிலிருந்து வருவதில்லை. இந்தப் பிரச்சினை தீர்ந்ததும் ஒன்று பொருத்திக்கொள்ளுங்கள். த்ரஸ்ட் வாஷர் விழுவதற்கோ ஆயில் அழுத்தமே தேவையில்லை. அழுத்தம் கச்சிதமாக இருக்கும்போதே விழும்.

தடித்த ஆயில் ஊற்றச் சொன்ன நண்பர் நல்ல எண்ணத்தில் சொல்கிறார். தேய்ந்த எஞ்சினின் தட்டல் சத்தத்தைத் தடித்த ஆயில் கொஞ்சம் மூடிவைக்கும். விழுந்துவிட்ட தகட்டுக்குப் பதிலாக ஆயில் போய் நிற்காது. உள்ளே இருக்கும் ஆயிலை இப்போது மாற்றவே வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்பதுதான் நமக்குத் தேவையான சாட்சி.

பிரிப்பதற்கு முன் எழுதுங்கள்

மெக்கானிக்காக என் கை அரிக்கிறது: இன்றே சம்பைக் கழற்றிப் பாருங்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் உங்கள் நிலையில் அது தவறு. கடைக்காரருக்கு எழுத்தில் தெரிவிக்காமல் நீங்களோ வேறு பட்டறையோ எஞ்சினைத் திறந்தால், “பிரித்தவர்கள்தான் கெடுத்தார்கள்” என்று அவர் சொல்ல இடம் கொடுத்துவிடுவீர்கள்.

நான் வக்கீல் இல்லை. ஆனால் இங்கிலாந்தில் பழைய கார் வாங்குகிற விற்கிற யாருக்கும் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் ஓரளவு மனப்பாடம். 30 நாள் என்பது, பழுதைக் காட்டிக் காரை உடனே திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கும் உரிமைக்கான காலம். அது முடிந்துவிட்டது, உண்மை. அதோடு எல்லாம் முடிந்தது என்பதுதான் கடைக்காரர் சேர்த்துக்கொண்ட பொய், அல்லது அறியாமை. முதல் ஆறு மாதத்துக்குள் பழுது வெளிப்பட்டால், விற்கும்போதே அது இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவர். அவருக்கு ஒரு வாய்ப்பு உண்டு: தன் செலவில், நியாயமான காலத்துக்குள் சரிசெய்து தர வேண்டும். அது பலிக்காவிட்டால் விலையில் ஒரு பகுதியையோ, காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தையோ கேட்கலாம். கார் என்பதால், நீங்கள் ஓட்டிய அளவுக்கு ஒரு தொகையை அவர் கழித்துக்கொள்ளலாம். ‘உள்ளது உள்ளபடி’ என்று பில்லில் முத்திரை குத்தியிருந்தாலும் வியாபாரிக்கு இந்தப் பொறுப்பிலிருந்து தப்பிக்க வழியில்லை. தனி ஆளிடம் வாங்கியிருந்தால் கதையே வேறு; நீங்கள் கடையில் வாங்கியது நல்லதாகப் போயிற்று.

உங்களுக்குச் சாதகமில்லாத பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தரம் திருப்தியாக இருந்ததா என்பதைக் காரின் வயது, விலை இரண்டையும் வைத்துத்தான் பார்ப்பார்கள். 1978-இல் செய்த கார் புதுக் கார் போல் இருக்க வேண்டும் என்று கேட்க முடியாது. கதவு சரியாக மூடவில்லை, ஆயில் சொட்டுகிறது என்று போனால் சிரிப்பார்கள். ஏழு வாரத்தில் கிராங்க் ஷாஃப்ட் பிளாக்கைத் தின்னத் தொடங்கியது வயதுக்குரிய குறை என்று சொல்ல நிறைய தைரியம் வேண்டும். சத்தம் வந்தபின் பதினொரு மைல் ஓட்டியதை அவர் உங்களுக்கு எதிராகக் காட்டலாம். மறைக்காதீர்கள், ஓட்டியதையும், அதன்பின் அவரே “ஓட்டுங்கள்” என்று சொன்னதையும், நீங்கள் அப்படியும் ஓட்டாமல் நிறுத்தியதையும் தேதியோடு எழுதுங்கள். அவர் அதைத் தொலைபேசியில் சொன்னாரா, செய்தியாக அனுப்பினாரா என்று கடிதத்தில் இல்லை. செய்தியாக இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

அவருக்கு அனுப்பும் கடிதம் ஒரு பக்கம் போதும். வாங்கிய தேதி, அன்றைய மைல் கணக்கு, சத்தம் தொடங்கிய தேதி, இன்றைய மைல் கணக்கு, புல்லி அசையும் படம். பிறகு மூன்று கோரிக்கைகள்: சட்டப்படி இலவசமாகச் சரிசெய்ய வேண்டும், எதையும் கழற்றுவதற்கு முன் கிராங்க் ஷாஃப்டின் முன்பின் அசைவை அளந்து எழுதித் தர வேண்டும், கழற்றிய பழைய பாகங்களைத் தூக்கி எறியக் கூடாது. இரண்டாவது முக்கியம். ஸ்பிட்ஃபயரில் ரிலீஸ் பேரிங்கை மாற்ற, இருக்கைகளையும் நடுவிலிருக்கும் உறையையும் எடுத்துவிட்டு கியர்பாக்ஸைக் காருக்கு உள்ளே இருந்து வெளியே தூக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டு பேரிங்கை மாற்றி, த்ரஸ்ட் வாஷரைப் பார்க்காமல் மூடிக் கொடுத்தால், அவருக்கிருந்த ஒரே வாய்ப்பு வீணாகி உங்கள் வழக்கு பலப்படும். ஆனால் எஞ்சின் அதுவரை தாங்காது.

அவர் பதில் சொல்லாவிட்டால் கிரெடிட் கார்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவுப்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருளுக்கு ஒரு பகுதியை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும், முழு விலைக்கும் கார்டு நிறுவனம் விற்றவரோடு சேர்ந்து பொறுப்பு. அந்த 500 பவுண்டை நீங்கள் யோசித்துக் கட்டினீர்களா என்று தெரியாது. நல்ல காரியம் செய்தீர்கள். கடைசியில் நீதிமன்றம் வரை போனாலும் 10,000 பவுண்டுக்குள் என்பதால் சிறு வழக்குகள் பிரிவிலேயே, வக்கீல் இல்லாமலே நடத்தலாம். சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு கடித வாசகத்துக்கு இலவசமாக உதவும்.

கடிதத்தின் ஓரத்தில் “எம்ஓடி சான்றிதழ் இருந்ததே” என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் அந்த ஆண்டுச் சோதனை பிரேக், விளக்கு, துரு, புகை ஆகியவற்றைப் பார்ப்பது. எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸின் நிலையைப் பார்ப்பது அதன் வேலையே இல்லை. அதை வாதத்தில் சேர்க்காதீர்கள்.

உள்ளே என்ன இருக்கக்கூடும்

எஞ்சின் போய்விட்டதா என்ற முதல் கேள்விக்கு இப்போது வருகிறேன். சம்பைத் திறந்தால்தான் தெரியும், ஆனால் மூன்று நிலைகளில் ஒன்றாக இருக்கும்.

தகடுகள் தேய்ந்து, விழாமல் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. எஞ்சினை இறக்க வேண்டாம். சம்பைக் கழற்றி, பின் மெயின் கேப்பை எடுத்து, பழைய அரை நிலாவை ஓர் ஓரத்தில் தள்ளினால் மறு ஓரத்தில் நழுவி வெளியே வரும். புதியதை அதே வழியில் உள்ளே செலுத்தலாம். பாகத்தின் விலை அற்பம், கூலிதான் செலவு. ஆனால் அற்பப் பாகத்தை அற்பமாகப் பொருத்துகிறவர்கள் உண்டு. ஆயில் பள்ளங்கள் உள்ள முகம் கிராங்க் பக்கம் பார்க்க வேண்டும். வழுவழுப்பான எஃகு முதுகு பிளாக்கைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் சில நூறு மைலில் மறுபடி இதே சத்தம். சாதாரண அளவு போட்டும் அசைவு அதிகமென்றால் சற்றுத் தடித்த அளவுகளும் கிடைக்கின்றன. சம்பைத் திரும்ப மாட்டும்போது இன்னொரு பொறி: முன்முனையில் போல்ட்டுகள் இறங்கும் கட்டை அலுமினியத்தால் ஆனது. பலத்தைக் காட்டி இறுக்கினால் மரை மாவாக உதிர்ந்து கையோடு வந்துவிடும்.

தகடு விழுந்து, சம்பின் அடியில் கிடந்து, கிராங்க் பிளாக்கைக் கொஞ்சம் கீறியிருந்தால், கீறலின் ஆழத்தைப் பொறுத்து தடித்த தகடு போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் ஆயிலைச் சுத்தமான தட்டில் வடித்து, காந்தத்தை விட்டுத் துழாவிப் பாருங்கள். காந்தத்தில் கறுப்புப் பசைபோல் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் வெள்ளியும் செம்பும் கலந்து மினுமினுத்தால் பேரிங் உலோகம். இரண்டில் எது அதிகமாக இருந்தாலும் ஆயில் பம்ப்பையும் எல்லா பேரிங்குகளையும் திறந்து பார்க்காமல் மூடக் கூடாது. பம்ப் ஃபில்டருக்கு முன்னால் இருப்பதால் தூள் முதலில் அதன் வயிற்றுக்குத்தான் போகும்.

பிளாக்கின் முகமே பள்ளமாகிவிட்டால் எஞ்சினை இறக்கி, லேத் பட்டறைக்கு அனுப்பிச் சமன்செய்ய வேண்டும். அப்போது கேப்பிலும் தகடு பதித்து முழு வட்டமாக்கிவிடும் பட்டறைகள் இருக்கின்றன. கம்பெனி செய்யாததை நாம் செய்வது, செலவுக்குத் தகும். பிளாக் தேறாது என்றால் வேறு எஞ்சின் தேட வேண்டும். இதே 1,493 சிசி எஞ்சினை எம்ஜி மிட்ஜெட் 1500-லும் ட்ரையம்ஃப் டாலமைட் 1500-லும் போட்டார்கள் என்பதால் கிடைக்காமல் போகாது. மாற்றினால் எஞ்சின் எண்ணை வண்டிப் பதிவுப் புத்தகத்தில் திருத்த வேண்டும். காப்பீட்டுக்காரருக்கும் சொல்ல வேண்டும்.

புதுக் கார் எஞ்சினை மாட்டுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். முடியும். ஆனால் கியர்பாக்ஸ், குளிரூட்டல், மின்கம்பிகள் எல்லாம் பின்தொடரும். நாற்பது வயது தாண்டிய காருக்குக் கிடைக்கும் எம்ஓடி விலக்கும், பெரிய மாற்றம் செய்யப்பட்ட வண்டி என்று கேள்விக்குள்ளாகலாம். எல்லாவற்றுக்கும் மேல், பானட்டைத் திறந்ததும் அப்பா அடையாளம் கண்டுகொள்ள அங்கே எதுவும் இருக்காது. நான் செய்ய மாட்டேன்.

இனி ஓட்டும்போது

சரியாகி வந்தபிறகு உங்கள் பழக்கம் இரண்டை மாற்ற வேண்டும். இரண்டும் புதுக் கார்கள் கற்றுக்கொடுத்தவை. கிளட்சை மிதித்துக்கொண்டுதான் இப்போதெல்லாம் எஞ்சினை எழுப்புகிறோம். பல கார்களில் மிதிக்காவிட்டால் எழும்பவே எழும்பாது. ஸ்பிட்ஃபயரில் அப்படிச் செய்தால், ஆயில் இன்னும் வந்து சேராத வறண்ட தகட்டின்மேல் முழுப் பாரத்தையும் ஏற்றி அரைக்கிறீர்கள். நியூட்ரலில் போட்டுப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, பெடலைத் தொடாமல் எழுப்புங்கள். சிக்னலில் நின்றால் நியூட்ரலுக்கு வந்து காலை எடுத்துவிடுங்கள்.

அப்பா திருச்சியில் எப்படி ஓட்டினார் என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்து ஹெரால்டுக்காரர்கள் பலர், பெடலில் கால் வைத்துக்கொண்டே ஓட்டுகிறவர்களைக் கண்டால் திட்டுவார்கள். சோதனையன்று அவர் மிதிக்க வேண்டியது ஒரே ஒரு முறை, மெதுவாக. புல்லி அசைந்தது தெரிந்துவிட்டால் மறுபடி மிதிக்கச் சொல்ல வேண்டாம். படத்தை எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.